பாட்டியின் பழைய நோட்டு

வெளிநாட்டில் படிப்பவர்கள் விடுமுறையில் ஹாஸ்டலில் அடைந்து கிடக்காமல் நண்பர்களின் ஊருக்குப் போய்வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்பச் சரி. நான் மதுரையிலிருந்து மொரீஷியஸுக்குப் படிக்கப் போனவன். தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. வகுப்புத் தோழன் ரோஸ் பெல் பக்கமுள்ள தன் கிராமத்துக்குக் கூட்டிப்போனான். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு.

தமிழ்க் குடும்பம்தான், ஆனால் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த அந்நாட்டுப் பேச்சுமொழி. பாட்டி பேசுவதை நண்பன்தான் எனக்குச் சொன்னான். விடியற்காலையில் அதே பாட்டி சாமி படத்தின் முன் உட்கார்ந்து திருப்புகழ் பாடினார், ஒரு சொல் பிசகாமல். எட்டிப் பார்த்தேன். மடியில் எண்ணெய்க் கறை படிந்த பழைய நோட்டு. பாட்டு முழுவதும் பிரெஞ்சு எழுத்தில். அவருடைய அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டதாம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

1998இல் அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது, தமிழர்கள் எதிர்த்து நின்று அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். ஏன் என்று பாட்டியின் நோட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் புரிந்தது.

காவடி இறக்கியதும் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. பலாக்காய்க் கறியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அப்புறம், யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாதீர்கள். நான் கொண்டுபோன பழனி விபூதிப் பொட்டலத்தைப் பாட்டி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.