புரதத்தை நிறுத்தினால் கட்டி சுருங்காது

"புற்றுநோய்க்கு அமினோ அமிலம்தான் தீனி, முட்டை, மீன், பருப்பை நிறுத்தி வெறும் கஞ்சி குடித்தால் கட்டி பட்டினியில் செத்துவிடும்" என்று தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

முதல் பாதி ஓரளவு சரி. புரதம் அமினோ அமிலம் என்ற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. பெருகிக்கொண்டே இருக்கும் செல்லுக்குப் புதிய டிஎன்ஏவும் புரதமும் வேண்டும், அதற்கான நைட்ரஜனையும் கார்பனையும் பல வகைக் கட்டிகள் குளுட்டமைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து எடுக்கின்றன. ஆனால் குளுட்டமைனை நம் உடம்பே தயாரிக்கிறது, முக்கியமாகத் தசைகளில். தட்டில் புரதம் குறைந்தால் உடம்பு தசையைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்பும், கட்டிக்கு அதுவும் கிடைக்கும், மெலிந்துபோவது நோயாளிதான், அப்புறம் கீமோவைத் தாங்கத் தெம்பு இருக்காது.

அமினோ அமிலத்தைப் பறிக்கும் சிகிச்சை ஒன்று உண்மையிலேயே உண்டு. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில், அந்தச் செல்களால் அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதுமான அளவு தயாரிக்க முடியாது, அதனால் இரத்தத்தில் இருப்பதைச் சிதைக்க அஸ்பாரஜினேஸ் ஊசி போடுகிறார்கள். அது மருத்துவமனைக் கண்காணிப்பில் தரும் மருந்து. உணவைக் குறைத்து அந்த விளைவைப் பெற முடியாது.

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து வழிகாட்டுதல் புற்றுநோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் தரச் சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர் சொல்லட்டும். கஞ்சிதான் இறங்குகிறது என்றால், சம்பா அறுத்த வயலில் நாம் விளைவிக்கும் உளுந்தையும் பயறையும் அதிலேயே போட்டுக் குழைய வேகவைத்துக் கொடுங்கள்.