மருத்துவமனைக்கு முன்னும் பின்னும்

முதியோர் மருத்துவக் காப்பீட்டில் பலரும் அறியாத பலன்களைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் அவற்றில் ஒன்றான ஆண்டு உடல்நலப் பரிசோதனையை நன்கு விளக்கியிருக்கிறார். ஆனால் அதைவிட அதிகமாகக் கைநழுவிப் போவது, மருத்துவமனையில் சேர்வதற்கு முன்னும் வீடு திரும்பிய பின்னும் ஆகும் செலவைத் திரும்பப் பெறும் உரிமைதான் என்பது என் கருத்து. பல திட்டங்கள், சேர்க்கைக்குக் காரணமான அதே நோய்க்காக முன்னதாக எடுத்த ஸ்கேன், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் கட்டணத்தையும், பின்னர் தொடரும் மருந்துச் செலவையும் குறிப்பிட்ட நாள் வரம்புக்குள் திருப்பித் தருகின்றன. மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகச் செலுத்திவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று குடும்பத்தினர் எண்ணிவிடுகிறார்கள். முன்னும் பின்னும் ஆன செலவுக்கெனத் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாத ரசீது நிராகரிக்கப்படலாம் என்பதால் இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.

கண்புரை அறுவை சிகிச்சை, டயாலிசிஸ் போன்றவற்றுக்கு இரவு தங்காமலேயே பல திட்டங்களில் காப்பீடு கிடைக்கும். இடுப்பு எலும்பு முறிவுக்குப் பின் அளிக்கப்படும் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) இன்னும் முக்கியமானது. அது இல்லாமல் படுக்கையிலேயே கிடக்கும் முதியவருக்குத் தசை தளர்ந்து, படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் வரக்கூடும். ஆகவே எத்தனை அமர்வுகள் வரை செலவு ஏற்கப்படும், வீட்டுக்கே வந்து அளிக்கும் சிகிச்சையும் அதில் சேருமா என்பதை, வீடு திரும்பும் நாளுக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.