தெற்கை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

இந்தியாவின் மழையையும் ஆறுகளையும் நில அமைப்பு எப்படித் தீர்மானிக்கிறது என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். இமயமலை வடக்கின் குளிர்காற்றைத் தடுக்கிறது, பருவக்காற்றை மறித்து மழை பெய்ய வைக்கிறது, கங்கைக்கும் பிரம்மபுத்திராவுக்கும் நீர் தருகிறது என்று அது விரிவாகச் சொல்கிறது. சரி. ஆனால் தெற்கிற்கு ஒரே ஒரு வரியா? பெங்களூரில் இருக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

இங்கே பெரிய ஆள் மேற்குத் தொடர்ச்சி மலைதான். ஜூன், ஜூலையில் அரபிக்கடல் காற்று மலையேறிக் குளிர்ந்து, அந்த மலையில் இருக்கும் கர்நாடக ஊரான ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மி.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி வரும்போது பாதி சரக்கு காலி. பெங்களூரில் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 1,000 மி.மீ.தான்.

அப்புறம் நிலத்தின் சாய்வு. காவிரி பிறக்கும் தலைக்காவிரியிலிருந்து அரபிக்கடல் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் தக்காணப் பீடபூமி கிழக்கே சரிந்திருப்பதால் காவிரி சுமார் 800 கி.மீ. ஓடிப் பூம்புகாரில் கடல் சேர்கிறது. நர்மதையும் தபதியும் மேற்கே போவதற்குக் காரணம் பிளவுப் பள்ளத்தாக்கு, அதாவது நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளம்.

பெங்களூரே சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு நீர்பிரி மேடு. மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகள் வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணைக்கு. மழை மட்டுமா, சாக்கடையும்தான்! எங்கள் தெரு கிழக்குச் சரிவில் இருக்கிறது. ஓசூர் அருகே தென்பெண்ணையில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் ஓசூர் மாமா போன் போட்டுவிடுவார்: “உங்க ஊர் தண்ணிதாண்டா இது, வந்து பாரு!”