தூளியைக் கடைசியில் அவிழுங்கள்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரெண்டு நாளாக தர்மபுரி வாட்ஸ்அப் குழு ஒன்று விடாமல் சுற்றுகிறது. எந்தத் தெரு, யார் வீடு என்று நான் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களும் சொல்ல வேண்டாம்.

ஓசூருக்கு வீடு மாறிப் போகிற ஒரு குடும்பம். சாமான் எடுத்த வெறும் அறை. ஒன்றரை வயது இருக்கும் ஒரு குழந்தை, மேலே இருக்கிற கொக்கியைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுகிறது. பின்னால் சினிமாப் பாட்டு சேர்த்திருக்கிறார்கள். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக. "ஐயா ஓசூருக்கு வரமாட்டாராம்" என்று ஒருவர். "அம்மா செல்லம், எல்லாம் பிடிவாதம்" என்று இன்னொருவர். அதை எழுதியதும் ஒரு பெண்தான், அவருக்கும் பிள்ளை இருக்கிறது. அதுதான் மனசை அறுக்கிறது.

அது பிடிவாதம் இல்லைங்க. அந்தக் கொக்கியைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். அறுத்த கயிற்றின் நுனி இன்னும் அதில் ஆடிக்கொண்டிருக்கிறது. காலையில் அந்தப் பிள்ளை கண் விழித்த தூளி அங்கேதான் தொங்கியது. முகம் கழுவி, பால் குடித்துவிட்டு வந்து பார்த்தால் இல்லை. பேச்சு வராத பிள்ளை "என் தூளி எங்கே" என்று வேறு எப்படிக் கேட்கும்?

வீடு மாற்றும்போது தூளியைக் கடைசியில் அவிழுங்கள். புது வீட்டில் அதை முதலில் கட்டுங்கள். இந்தப் பதிவே இதைச் சொல்லத்தான்.

நம்ம ஊரில் வீடு மாற்றுவது எப்படி நடக்கிறது? கையில் முதலில் கிடைப்பதைக் கட்டுகிறோம். குழந்தைச் சாமான் தரையிலேயே, எட்டுகிற இடத்திலேயே இருக்கிறது, சின்னதும் கூட. அதனால் அதுதான் முதல் பெட்டியில் போகிறது. முதலில் போனது குட்டியானை வண்டியின் அடியில் போகும். அடியில் போனது புது ஊரில் கடைசியாக இறங்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தை தூக்கத்துக்குச் சிணுங்கும்போது அதன் போர்வை பீரோவுக்கும் கட்டிலுக்கும் கீழே நசுங்கிக் கிடக்கும். யார் மேலும் கோபம் வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். பரண் சாமான், விருந்துப் பாத்திரம், பட்டுச்சேலை எல்லாம் மூன்று வாரம் முன்னாடியே கட்டலாம். அதைக் குழந்தை தேடாது. அது தினம் தொடுகிற பத்துப் பதினைந்து பொருள் இருக்கும்: தூளிச் சேலை, டம்ளர், கிண்ணம், கரண்டி, ரெண்டு மூன்று பொம்மை, குளிக்கிற மக்கு. அதெல்லாம் கட்டாமல் கடைசி நாள் காலை வரை அதனதன் இடத்தில் இருக்கட்டும். பிறகு ஒரே பையில் போட்டு, வண்டியில் ஏற்றாமல் உங்கள் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

தூளிச் சேலையைத் துவைக்காதீர்கள். புது வீட்டுக்கு அழுக்குத் துணியா என்று அத்தையோ அம்மாவோ கேட்பார்கள். கேட்கட்டும். ஊறவைக்க வேண்டியது மற்ற துணிகளை. அந்தச் சேலையில் அம்மா வாசனை, பால் வாசனை, பழைய வீட்டு வாசனை மூன்றும் இருக்கிறது. சுவர், ஜன்னல், விளக்கு, தெருச் சத்தம் எல்லாம் மாறிய ராத்திரியில் மாறாமல் கூட வருவது அது ஒன்றுதான். பத்து நாள் போகட்டும், பிறகு துவைக்கலாம்.

கொக்கி விஷயத்தை அட்வான்ஸ் கொடுக்கும்போதே வீட்டு ஓனரிடம் பேசிவிடுங்கள். பழைய வீடுகளில் உத்தரம் இருக்கும், எங்கேயாவது கட்டிக்கொள்ளலாம். ஓசூர் பக்கம் புதிதாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஃபேன் கொக்கியைத் தவிர வேறொன்றும் இருக்காது. வேறு வழியில்லை என்று ஜன்னல் கம்பியிலும் பரண் விளிம்பிலும் கட்டுகிறார்கள். அது கூடாது. கான்கிரீட் தளத்தில் துளை போட்டு ஆங்கர் கொக்கி அடிக்கச் சொல்லுங்கள். பூச்சில் மட்டும் நின்றால் பிடிக்காது, ஃபால்ஸ் சீலிங்கில் பிடிக்கவே பிடிக்காது. அடித்தபின் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, நாலு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை பத்துப் பதினொரு கிலோதான் இருக்கும், ஆனால் ஆடும்போது இழுப்பு கூடும். சேலை பருத்தியாக இருக்க வேண்டும். சிந்தெடிக்கில் முடிச்சு நழுவும். அடிப்பக்கம் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போக வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளையைத் தூளியோடு தனியாக விடவே கூடாது. பெரிய பிள்ளைகள் முறுக்கிவிட்டு விளையாடினால் சேலை கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

"எங்க காலத்துல நாலு வீடு மாறினோம், பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தானே வளந்தாங்க" என்று ஒரு பெரியவர் குரல் பதிவு போட்டிருக்கிறார். ஐயா, உங்கள் காலத்தில் வீடுதான் மாறியது, ஆட்கள் மாறவில்லை. பாலக்கோட்டில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போனீர்கள். பாட்டி இடுப்பில் ஒரு பிள்ளை, சித்தி இடுப்பில் ஒரு பிள்ளை. இன்றைக்கு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து 90 கிலோமீட்டர் தள்ளிப் போகிறார்கள். திங்கட்கிழமை காலை குழந்தையின் அப்பா ஷிப்டுக்குப் போய்விடுவார். மூன்றாவது மாடியில் அந்தப் பெண்ணும் குழந்தையும் பிரிக்காத இருபது பெட்டியும்தான். அந்தப் பிள்ளையை யார் இடுப்பில் வைப்பது?

"ரெண்டு நாள்ல மறந்துடும்" என்கிறார்கள். மறந்துவிடும்தான். ஆனால் ரெண்டு நாளில் இல்லை, ரெண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை ராத்திரி எழுந்து அழும். சாப்பாட்டைத் தட்டிவிடும். சொல்லிவிட்டு மூத்திரம் போகப் பழகின பிள்ளை மறுபடி பாயை நனைக்கும். கடிக்கும். அம்மா பாத்ரூம் போனால்கூடக் கதவைத் தட்டும். இதற்கெல்லாம் அடிக்காதீர்கள். இந்தச் சமயம் பார்த்துப் பால் மறக்கடிக்கவும் வேண்டாம், பாட்டிலைப் பிடுங்கவும் வேண்டாம், புது பள்ளியில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். ஒரு மாதம் ஆகியும் தேறாமல் எடை இறங்கினாலோ, பேசிக்கொண்டிருந்த வார்த்தை நின்றுபோனாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

நல்ல நேரம் பற்றிச் சொல்கிறவர்களுக்குப் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் குடி போகமாட்டோம், நாள் பார்த்துப் பால் காய்ச்சுவோம். நானும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பால் காய்ச்சுகிற நாளும் சாமான் ஏற்றுகிற நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த சாஸ்திரம் சொன்னது? ரெண்டு மூன்று நாள் முன்னாடி நல்ல நேரத்தில் போய், சாமி படம், குடத்தில் தண்ணீர், அரிசி, உப்பு, மஞ்சள் வைத்துப் பால் பொங்கவிட்டு வந்தால் குடி போனதாகத்தான் கணக்கு. அன்றைக்கே கொக்கியையும் அடித்துவிடலாம். குழந்தையும் அந்த வீட்டை ஒருமுறை பார்த்த மாதிரி ஆகும். பிறகு சாமானை எந்த நேரத்திலும் ஏற்றலாம். காலை நாலரை மணிக்கு அரைத் தூக்கத்தில் பிள்ளையைப் பிடுங்கி எழுப்ப வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கு அது சாப்பிட்டபின் வண்டி வந்தால் போதும். வண்டிக்காரர் காத்திருக்க மாட்டார் என்றால் பேசி முடிக்கும்போதே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளையை ஒரு வாரம் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு எல்லாம் அடுக்கியபின் கூட்டிவரலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நல்ல மனசோடு சொல்வதுதான். எனக்கு ஒப்பவில்லை. சாமான் ஏற்றுகிற அந்தச் சில மணி நேரம் பழகின ஒருவர் வீட்டில் இருக்கட்டும், அது அவசியமும்கூட. ஒரு வாரம் வேண்டாம். அதன் கணக்கில் அம்மாவும் இல்லை, வீடும் இல்லை. திரும்பி வந்தால் வேறு ஏதோ ஒரு வீடு. காலியான வீட்டை அதுவும் பார்க்கட்டும். தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போங்கள். குழாய், வாசல்படி, எதிர்வீட்டு ஆடு எல்லாவற்றுக்கும் "போயிட்டு வரோம்" சொல்ல வையுங்கள். "போறோம்" என்று நாம் எப்போது சொல்லியிருக்கிறோம்?

கட்டுகிற நாட்களில்தான் பிள்ளைகளுக்கு ஆபத்தும் அதிகம். பரணிலும் பூட்டிய அலமாரியிலும் இருந்ததெல்லாம் அன்றைக்குத் தரைக்கு வருகிறது. பீரோவிலிருந்து விழுகிற அந்துருண்டை பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். விழுங்கினால் சில குழந்தைகளுக்கு ரத்த அணுவையே உடைத்துவிடும். எடை பார்க்கிற மெஷினிலிருந்து கழற்றிப்போட்ட வட்ட பேட்டரி தொண்டையில் சிக்கினால் ரெண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தரை துடைக்க வைத்த பக்கெட்டில் நாலு விரக்கடை தண்ணீர் இருந்தாலே போதும், தலைகுப்புற விழுந்த பிள்ளையால் எழ முடியாது. அந்த வீடியோவில் குழந்தைக்கு ரெண்டடி தள்ளி டேப் வெட்டுகிற பிளேடு கிடக்கிறது. சிரித்த இத்தனை பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லையா?

தடுப்பூசி அட்டை பெட்டிக்குள் போகக் கூடாது, உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். 16 முதல் 24 மாதத்துக்குள் டிபிடி பூஸ்டரும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் போலியோ சொட்டும் வரும். போட்ட ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வருவது சகஜம், அதனால் வண்டி வருகிற வாரத்தில் போடாதீர்கள். புது ஊரில் எந்த அரசு சுகாதார நிலையத்திலும் அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம். அங்கன்வாடியிலும் சொல்லிப் பெயரைப் புது ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சத்துமாவு நிற்காது. காய்ச்சல் மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள். ஒரே பாரசிட்டமால்தான், ஆனால் ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், இன்னொன்றில் 250. புதுக் கடையில் வேறு பாட்டில் வாங்கி, பழைய ஞாபகத்தில் அதே அளவு ஊற்றினால் ரெண்டு மடங்கு போய்விடும்.

வீடு பார்க்கும்போது டைல்ஸைப் பார்க்கிறோம், தண்ணீரைக் கேட்பதில்லை. குடிக்க ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா? நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதை வருஷக்கணக்கில் குடித்தால் முளைக்கிற பல்லே கறையோடு வரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டினால் இன்னும் கூடும். ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரம், தர்மபுரி அதில் பாதி. ராத்திரி குளிரும். முழுக்கைச் சட்டையும் காலுறையும் அந்த மடிப் பையிலேயே இருக்கட்டும்.

இவ்வளவும் யார் செய்கிறார்கள்? அந்தப் பிள்ளையின் அம்மாதான். மூன்று வாரமாகக் குழந்தை தூங்கினபின் சத்தம் வராமல் டேப் ஒட்டியிருப்பாள். வீடியோ எடுத்தவர் "வீட்ல சும்மாதானே இருந்தே, இதையெல்லாம் நேத்தே முடிச்சிருக்கலாம் இல்ல" என்று கேட்பது பாட்டுக்குள்ளும் தெளிவாகக் கேட்கிறது. அவள் பதில் பேசவில்லை. குழந்தையையும் தூக்கவில்லை, ரெண்டு கையிலும் சாமான். அதைப் பார்த்துவிட்டு "அழுற பிள்ளையத் தூக்காம என்ன அம்மா இவ" என்றும் எழுதியிருக்கிறார்கள். செல்லம் கொடுத்தாலும் அவள் தப்பு, தூக்காவிட்டாலும் அவள் தப்பு. கேமரா பிடித்திருந்தவரின் இன்னொரு கை சும்மாதானே இருந்தது? அவரை ஏன் யாரும் கேட்கவில்லை?

அந்த வீடியோவின் கடைசியில் ஒருவர் தலையில் பாத்திர மூட்டையோடு வெளியே போகிறார். வெளிறிப்போன ஊதாச் சேலையில் கட்டின மூட்டை. சேலையின் நடுவில் கயிறு இறுக்கிய சுருக்கம் அப்படியே இருக்கிறது. அந்த மூட்டை போகிற பக்கம்தான் குழந்தை திரும்புகிறது, அப்போதுதான் அழுகையும் கூடுகிறது. அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது.

அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இப்போதே ஒரு போன் பண்ணுங்கள். மற்ற பெட்டிகளைப் பிறகு பிரிக்கலாம். பாத்திரத்தைத் தரையில் கொட்டிவிட்டு, அந்த ஊதாச் சேலையைத் துவைக்காமல் இன்றைக்கு ராத்திரிக்குள் கட்டச் சொல்லுங்கள். உங்கள் போனில் அந்த வீடியோ இருந்தால் அழித்துவிடுங்கள்.