பழைய ஃபில்லிங்கை மாற்றுவதற்கு முன்

சொத்தைப் பல்லின் குழியை அடைத்த பழைய ஃபில்லிங்கின் ஓரத்தில் கறுத்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஓரத்தில் தெரிவது வெறும் கறையாகவும் இருக்கலாம். கறை வேறு, சொத்தை வேறு.

ஃபில்லிங்கை எடுக்கும்போது அது மட்டும் தனியாகக் கழன்று வராது. டிரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும், குழியின் சுவரில் இருக்கும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்தே போகும். வெள்ளி நிற அமால்கம் (பாதரசம் கலந்த உலோக அடைப்பு) என்றால் எது பல், எது அடைப்பு என்று கண்ணுக்குத் தெரியும். பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் என்ற பிசின் அடைப்பில்தான் சிக்கல். எல்லை பிடிபடாமல், பாதுகாப்புக்காக இன்னும் சற்று உள்ளே போய்விடுவார்கள். (ஊதா ஒளி அடித்தால் பல காம்போசிட்டுகள் பளிச்சென்று வேறுபட்டுத் தெரியும். ஆனால் அந்த விளக்கை எல்லாரும் எடுப்பதில்லை.)

இப்படி ஒவ்வொரு முறையும் குழி பெரிதாகும், சுவர் மெலியும். அப்புறம் பல்லின் முனை உடைந்து கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை), நரம்பு வரை போனால் வேர் சிகிச்சை. போன எனாமல் திரும்ப வளராது.

ஓரம் மட்டும் பெயர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து ஒட்டுப்போடலாம், சில நேரம் மெருகேற்றினாலே போதும். பாதரச பயத்தில் அமால்கத்தை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: நன்றாக இருப்பதை மருத்துவத் தேவையின்றி எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2020-இல் சொல்லியிருக்கிறது. அடியில் சொத்தை இருந்தால் சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். "முழுதாக எடுக்கணுமா, ரிப்பேர் செய்ய முடியாதா?" என்று நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.