வாவித் தண்ணீர் அள்ளியவரின் பெயர் எங்கே?

நேற்றுப் பின்னேரம் மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்தடியில் ஒரு தங்கச்சியைக் கண்டேன். ஒரு திட்டத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தவர். 11 மாதம் மண்முனையிலிருந்து முகத்துவாரம் வரை தோணியில் போய், வாவித் தண்ணீர் எடுத்து, உவர்ப்பும் நைத்திரேற்றும் அளந்து, இரவிரவாக எக்செல்லில் ஏற்றியவர். ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது. அதில் ஆசிரியர்களாக 5 பெயர்கள். அவருடைய பெயர் இல்லை. கடைசியில் 'களப்பணிக்கு உதவியோருக்கு நன்றி' என்று ஒரு வரி மட்டும்.

"கேட்டனீங்களா?" என்றேன்.

"கேட்டன் அக்கா. நீ கட்டுரை எழுதேல்லையே எண்டு சேர் சொன்னார்."

இதே பதிலை ஒரு காலத்தில் நானும் வாங்கியிருக்கிறேன். நியாயம்தான் என்று நம்பிப் பேசாமல் இருந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1978-இல் வன்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களின் குழுவே பிறகு சர்வதேசக் குழுவாகி, கட்டுரையில் யாரை ஆசிரியராகப் போடலாம் என்பதற்கு இன்று பல துறைகளும் பார்க்கும் விதிகளை வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ, தரவு திரட்டுவதிலோ, அதை ஆராய்வதிலோ கணிசமான பங்கு வேண்டும். எழுதவோ திருத்தவோ வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். கட்டுரைக்குப் பொறுப்பேற்க வேண்டும். நாலும் வேண்டும், சரி. ஆனால் அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன: வேலை செய்த ஒருவருக்கு எழுதவும் ஒப்புதல் தரவும் வாய்ப்பே கொடுக்காமல் விட்டு, அதைக் காரணம் காட்டி அவரை நீக்கக் கூடாது. தங்கச்சிக்கு வரைவைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. பிறகு எப்படி எழுதுவது? நிதி பெற்றுத் தந்ததும், பொதுவாக மேற்பார்வை செய்ததும் மட்டும் பெயர் போடப் போதாது என்றும் அங்கேயே இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அவர் வெறுமனே போத்தல் நிரப்பியவரும் இல்லை. மாரியில் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிட்டதும் உப்புத் தண்ணீர் எதுவரை ஏறும் என்று தோணிக்கார அண்ணனிடம் கேட்டு, மாதிரி எடுக்கும் இடங்களைக் கூட்டியவர் அவர்தான். கட்டுரையின் முக்கியமான வரைபடமே அந்த இடங்களில் இருந்து வந்தது.

ஜோசலின் பெல்லை நினைத்துக்கொண்டேன். 1967-இல் கேம்பிரிட்ஜில் மாணவியாக இருந்தபோது, மீட்டர் கணக்கில் வரைதாளைக் கண்ணால் பார்த்து முதல் துடிவிண்மீனை (சீரான இடைவெளியில் வானொலி அலைத் துடிப்புகள் வந்துகொண்டிருக்கும் விண்மீன்) பிடித்தவர். 1974 நோபல் பரிசு அவருடைய மேற்பார்வையாளருக்கும் இன்னொரு வானியலாளருக்கும் போனது. ஆனால் 1968-இல் வந்த கட்டுரையின் 5 பெயர்களில் இரண்டாவது பெயர் அவருடையது. அந்தப் பெயர் அச்சில் இருந்ததால்தான் இன்றுவரை உலகம் அவருக்காக நியாயம் கேட்கிறது. எங்கள் தங்கச்சிக்கு அதுவும் இல்லை.

என்னுடைய திட்டத்தில் இப்போது தோணியில் ஏற முதலே யார் என்ன செய்வது, யாருடைய பெயர் எங்கே வரும் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்து வைக்கிறோம். வேலை மாறினால் தாளையும் மாற்றுவோம். இதுவரை இரண்டு தரம் மாற்றியாயிற்று. முதல் தரம் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், நான் உட்பட. தோணிக்கார அண்ணனிடமும் கேட்டோம். நன்றி சொல்லும் இடத்தில் 'உள்ளூர் மீனவர்' என்று போடாமல் முழுப் பெயரையும் போடச் சொன்னார்.

வெளிவந்த கட்டுரையிலும் பெயர் சேர்த்துத் திருத்தம் போட வழி உண்டு என்று தங்கச்சியிடம் சொன்னேன். முதலில் சேருக்கு எழுதுங்கள், களக் குறிப்பேட்டின் பக்கங்களையும் படம் எடுத்து இணையுங்கள், பதில் வராவிட்டால் இதழாசிரியருக்கு எழுதலாம் என்றேன். இரவு 11 மணிக்கு மின்னஞ்சலின் வரைவை அனுப்பியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டுத் தொடங்கியிருக்கிறார். அந்த வரியை முதலில் எடுக்கச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன்.