'கார் பார்க்கிங் வசதியுண்டு' எண்டு போடுறவைக்கு

யாழ்ப்பாணத்தில திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், கல்வியங்காடு, எந்தப் பக்கம் வாடகை வீடு தேடினாலும் விளம்பரத்தில அதே வரிதான்: கார் பார்க்கிங் வசதியுண்டு. எத்தினை அடி எண்டு ஒருத்தரும் போடமாட்டினம். மூண்டு அறை, மாபிள் நிலம், சுடுதண்ணி எல்லாம் வரிசையா வரும். கேற்றின்ர அகலம் மட்டும் பரம ரகசியம்.

ஜப்பான் வாகன் ஆர் கார் ஒண்டின்ர அகலம் 4 அடி 10 அங்குலம். பக்கக் கண்ணாடியளோட சேர்த்தா ஆறடிக்குக் கிட்ட வரும். அப்ப 8 அடிக் கேற் காணும்தானே எண்டு வீட்டுக்காரர் கேப்பார். நேர போறதெண்டா காணும். 10 அடி ஒழுங்கைக்குள்ள இருந்து வெட்டித் திருப்புறதுக்குக் காணாது. மதிலை ஒழுங்கைக் கரையோட ஒட்டிக் கட்டி, எதிர்ப்பக்கம் லைட் போஸ்டும் நிண்டா, முன்னுக்குப் பின்னுக்கு எத்தினை தரம் எடுத்தாலும் பின்கதவு தூணில உரசும். வளையேக்க பின்சில்லு முன்சில்லின்ர தடத்தில வராது, உள்ளால வெட்டும். கேற்றை மூண்டடி உள்ளுக்குத் தள்ளி, மதில் மூலையைச் சரிச்சுக் கட்டியிருந்தா இந்தக் கரைச்சல் பாதி இல்லை. ஆனா மூண்டடி காணியை ஒழுங்கைக்கு விடுறதெண்டா எங்கட ஆக்களுக்கு உயிர் போயிடும்!

உள்ளுக்குப் போனா அடுத்த கூத்து. கதவு திறந்து இறங்கிறதுக்கு எட்டடி அகலம் வேணும். மேல்மாடிப் படிக்கட்டுக்குக் கீழ ஆறடியை விட்டுட்டு அதையும் பார்க்கிங் எண்டினம். மேல் வீட்டுக்கு ஒரு கார், கீழ் வீட்டுக்கு ஒரு கார், ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. விடிய ஆர் முதல் வெளிக்கிடுறது?

சில இடத்தில கார் விடச் சொல்லுறது மலக்குழிக்கு மேல. ஆள் நடக்கிறதுக்குப் போட்ட கொங்கிறீட் தட்டு அது. ஆக்களோட கார் ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும். குழிக்குள்ள வாற வாயுவில அடிக்கம்பி துருப்பிடிச்சிருக்கும், மேல பாத்தா ஒண்டும் தெரியாது. மூடி எங்க எண்டு கேட்டு, வெடிப்பு இருக்கோ எண்டு பாருங்கோ. அண்ணாந்தும் பாருங்கோ, தென்னை நிண்டா முன் கண்ணாடிக்கு உத்தரவாதமில்லை.

நல்லூர்க் கோயிலடி வீடெண்டா, 25 நாள் திருவிழாவுக்குச் சுத்தவர றோட்டுப் பூட்டு. வாகன அனுமதி ஆர் எடுத்துத் தாறது எண்டு முதலே கேக்கவேணும். கனடாவில இருந்து வீட்டுக்காரர் வந்து இறங்குறதும் அந்த நேரம்தான். அவர் பிடிச்ச வான் உங்கட இடத்தில நிக்கும், நீங்கள் ஒழுங்கையில.

கேட்டா, ஒப்பந்தத்தில பார்க்கிங் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம். ஆறு மாச முற்பணம், ஒரு வருச முற்பணம் எண்டு வாங்கேக்க மட்டும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. எந்த இடம், எத்தினை அடிக்கு எத்தினை அடி, வேற ஆற்றை வாகனமும் விடக்கூடாது, கேற் திறப்பு ஒண்டு உங்களிட்ட, இவ்வளவையும் கையெழுத்துக்கு முதல் எழுதுவியுங்கோ. வீடு பாக்கப் போகேக்க காரிலயே போய் உள்ளுக்கு ஏத்திப் பாருங்கோ. தரகர் தன்ர மோட்டச்சைக்கிளில ஏறச் சொல்லுவார். அதில போனா எல்லாக் கேற்றும் அகலமாத்தான் தெரியும்.